பட்டியை விற்றுவிடலாமா?

பர்கூர் மலையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் போடவில்லை. கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 26 வயது. பெருந்துறையில் ஒரு கம்பெனியில் வேலை. ஊரில் அப்பாவிடம் 43 மாடுகள், எல்லாம் செம்மறை என்கிற பர்கூர் மாடுதான். தாத்தா காலத்தில் இருநூறுக்கு மேல் இருந்ததாம். காட்டுக்குள் பட்டி போட்டுத்தான் வளர்க்கிறோம். சரணாலயம் ஆன பிறகு பட்டியை எடுக்கச் சொல்கிறார்கள். 'மாடு போனா காடும் போயிரும்' என்கிறார் அப்பா. நான் கல்லூரியில் சுற்றுச்சூழல் மன்றத்தில் இருந்தவன், புலிக்காகப் போஸ்டர் ஒட்டியவன். மாடு மேய்ந்தால் காடு கெடும் என்று படித்தும் இருக்கிறேன். யார் சொல்வது சரி? வரும் ஆடியில் அந்தியூர் சந்தைக்கு ஓட்டிப்போய் எல்லாவற்றையும் விற்றுவிட்டு அப்பாவை என்னோடு அழைத்துவந்துவிடலாமா? நீங்கள் மலைப்பக்கம் மாட்டு டாக்டராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்."

தம்பி, விற்காதீர்கள். இந்த ஆடிக்கு வேண்டாம். அடுத்த ஆடிக்குள் செய்து பார்க்க வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன. அத்தனையும் செய்த பிறகும் வழியில்லை என்றால் அப்போது விற்பதைப் பற்றிப் பேசலாம், நானே நல்ல விலை கொடுக்கும் ஆளைச் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், விற்ற பிறகு மனசு மாறித் திரும்ப வாங்கலாம் என்று நினைத்தால் அது நடக்காது. மாடு கிடைக்கும். அந்த மலையைத் தெரிந்த மாடு கிடைக்காது. எந்தப் பள்ளத்தில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும், எந்தத் தழையைத் தின்னக்கூடாது, யானை வாடை அடித்தால் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்பதையெல்லாம் கன்று தாயோடு நடந்துதான் கற்றுக்கொள்கிறது. கீழே இருந்து புதிதாக ஓட்டிவந்த மாடுகள் கோடையில் பசிக்கு உண்ணிச்செடியைத் தின்றுவிட்டு ஈரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகி, வெயில் பட்ட இடத்தில் தோல் வெடித்துக் கிடந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மலையில் பிறந்த மாடு அந்தச் செடியை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்து போய்விடும். 43 உருப்படியை ஒரு சந்தையில் விற்றுவிடலாம், இந்தப் பழக்கத்துக்குச் சந்தை எங்கே இருக்கிறது?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக இந்த மாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே இருக்கிற பர்கூர் மலைக்குச் சொந்தமான இனம். செவலை உடம்பில் வெள்ளைத் திட்டு. பாலுக்காக யாரும் வளர்ப்பதில்லை, கன்றுக்குப் போக மிஞ்சுவது வீட்டுக் காப்பிக்குத்தான் காணும். வருமானம் என்றால் காளைக்கன்றும் எருவும். பட்டியில் மாதக்கணக்கில் சேரும் எருவை லாரி வைத்துக் கீழே மஞ்சள் காட்டுக்கு ஏற்றிப்போவார்கள். கொங்கு நாட்டில் வயலையும் காடு என்றுதான் சொல்வோம் இல்லையா, இந்த மாட்டைப் பொறுத்தவரை அது ரொம்பச் சரியான வார்த்தை, தின்பது ஒரு காட்டில், உரம் போடுவது இன்னொரு காட்டில். வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் கன்னடம் பேசும் லிங்காயத்துக் குடும்பங்கள். பக்கத்திலேயே சோளகர் என்ற பழங்குடியினரின் ஊர்களும் இருக்கின்றன. இந்தக் கடைசி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், உங்கள் வழக்கில் அதுதான் முக்கியம்.

இப்போது நீங்கள் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பார்ப்போம். உங்கள் அப்பாவுக்கு நேற்று வரை சரியாக இருந்தது இன்றைக்குக் குற்றமாகத் தெரிகிறது என்றால் அதற்குக் காரணம் இரண்டு தேதிகள். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் மாநிலத்தின் எல்லா வனப்பகுதியிலும் மாடு மேய்க்கத் தடை போட்டது, பிறகு அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. அன்றைக்கு பர்கூர் காடு இந்த மூன்றிலும் சேராத காப்புக்காடு, அதனால் உங்கள் பட்டி தப்பித்தது. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டங்களில் சுமார் 80,000 ஹெக்டேர் காட்டைத் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் என்று அரசு அறிவித்தது. அவ்வளவுதான். மாடும் மாறவில்லை, காடும் மாறவில்லை, காட்டின் பெயர்ப்பலகை மாறியது, 2022-இல் தப்பித்த பட்டி 2024-இல் சிக்கிக்கொண்டது.

சரணாலயம் வந்தது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். ஒரு பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், இன்னொரு பக்கம் கர்நாடகத்தில் மலை மாதேஸ்வரா சரணாலயம், காவிரி சரணாலயம். நடுவில் இருக்கும் உங்கள் மலை திறந்து கிடந்தால் குவாரிக்காரனும் ரிசார்ட்காரனும்தான் முதலில் வருவான். புலிக்கும் யானைக்கும் அந்த வழி வேண்டும். போஸ்டர் ஒட்டிய கல்லூரிப் பையன் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்தப் போஸ்டரில் உங்கள் அப்பாவுக்கு இடம் விட்டிருக்கலாம், அது ஒன்றுதான் குறை.

சரி, மாடு காட்டைக் கெடுக்கிறதா, காக்கிறதா?

நேர்மையாகச் சொன்னால் உங்கள் அப்பா சொல்வதிலும் பாதிதான் உண்மை, நீங்கள் படித்ததிலும் பாதிதான். ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் காப்பிடம் தெரிந்திருக்கும். சுற்றியுள்ள ஊர் எருமைகள் காலங்காலமாக அந்தச் சதுப்பில் இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. தேசியப் பூங்கா ஆக்கி 1982-இல் ஒரே நாளில் நிறுத்தினார்கள். கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். அதோடு முடியவில்லை, எருமை தின்றுகொண்டிருந்த நீர்ப்புல் தடுக்க ஆளில்லாமல் படர்ந்து தண்ணீரையே மூடிவிட்டது, வாத்துக்கும் நாரைக்கும் இறங்க இடமில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் விஞ்ஞானிகள் வருஷக்கணக்கில் ஆய்வு செய்து, எருமையைத் தடுத்தது பறவைகளுக்கு நல்லதாக இல்லை என்று எழுதினார்கள். தடை வேண்டும் என்று முன்பு வாதாடியதும் அதே சங்கத்துப் பெரியவர்கள்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆய்வின் நேர்மை புரியும். பிறகு ஊர்க்காரர்கள் உள்ளே போய்ப் புல் அறுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள்.

இதை அப்பாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார். ஆனால் அடுத்ததையும் சொல்லுங்கள். குஜராத்தின் கிர் காட்டில் 1972 முதல் பல நூறு மால்தாரி குடும்பங்களை அவர்களுடைய எருமைகளோடு வெளியே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அதுவரை சிங்கத்தின் இரையில் பெரும்பங்கு வீட்டு மாடும் எருமையும். மேய்ச்சல் குறைந்த பிறகு புல் வளர்ந்தது, புள்ளிமான் பெருகியது, சிங்கம் மானைத் தின்னத் தொடங்கியது. காட்டுக்கு அது நல்லதுதான், இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெளியே வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்றால், தலைமுறை தலைமுறையாக எருமை மட்டுமே தெரிந்தவர்களிடம் நிலத்தைக் கொடுத்து விவசாயம் செய் என்றார்கள், பலரால் அது முடியவில்லை.

சதுப்பு வேறு, வறண்ட காடு வேறு, பர்கூர் இந்த இரண்டுமில்லை. உங்கள் மலையில் எத்தனை மாட்டுக்குப் புல் இருக்கிறது, எந்தப் பள்ளத்தில் மேய்ந்தால் மானுக்கு இல்லாமல் போகிறது, எங்கே மேயாவிட்டால் புல் முற்றிக் காய்ந்து கோடைத் தீக்கு விறகாகிறது என்பதை அங்கே உட்கார்ந்து எண்ணித்தான் சொல்ல முடியும். உண்ணிச்செடியை மாடு கட்டுப்படுத்துகிறது என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள், தயவுசெய்து நீங்கள் அதைச் சொல்லாதீர்கள், மாடு அதைத் தின்பதில்லை, சுற்றியிருக்கும் நல்ல புல்லை மட்டும் தின்று அதற்கு இடம் விட்டுக்கொடுத்த காடுகளும் உண்டு. பொய்யான வாதத்தை வைத்தால் எதிராளி அதைப் பிடித்துக்கொண்டு உண்மையான வாதத்தையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவான்.

எனக்கு இதில் பெரிய கவலை புல் இல்லை, வேறொன்று. அதைச் சொல்ல ஒரு பழைய கதை வேண்டும்.

நான் மலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பட்டிக்குத் தடுப்பூசி போட வேண்டுமானால் விடியுமுன் போய்ச் சேர வேண்டும், திறந்துவிட்டால் அவ்வளவுதான், சாயங்காலம்தான் பார்க்கலாம். முள் அடைப்பு, உள்ளே முழங்கால் அளவு எரு, அதிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருக்கும். என் வாடை பட்டதும் மொத்தப் பட்டியும் எதிர்மூலைக்கு ஒதுங்கிவிடும். பட்டிக்காரப் பெரியவர் ஒருவர் தன் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து என் மேல் போர்த்திவிட்டார். வியர்வையும் புகையும் சாணியும் கலந்த நாற்றம். ஆனால் அதற்குப் பிறகு மாடுகள் என்னைக் கிட்டத்தில் விட்டன. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அவர் கூப்பிட, ஊசி போட்டுக்கொண்டே வந்தேன்.

அந்தப் பெரியவர் மாதம் ஒருமுறை மருந்தகத்துக்கு வருவார். மருந்து வாங்க வருவதாகத்தான் பெயர். உட்கார்ந்ததும் காட்டுச் செய்தி வாசிப்பார். இந்தப் பள்ளத்தில் காட்டெருமை ஒன்று கால் நொண்டிக்கொண்டு நிற்கிறது, வாயில் எச்சில் ஒழுகுகிறது. அந்த மேட்டில் புதிதாகக் கம்பிச் சுருக்கு வைத்திருக்கிறார்கள், நம்ம ஆள் இல்லை. இங்கே மூங்கில் பூத்திருக்கிறது. நான் அதில் பாதியை வனவர் காதில் போடுவேன். கோமாரி காட்டெருமைக்குப் போயிருக்கிறது என்று எனக்கு முதலில் தெரிந்தது எந்த ஆய்வகத்திலிருந்தும் வரவில்லை, அவர் வாயிலிருந்து வந்தது.

சில வருஷம் கழித்து வேறு ஒரு மலைக்கு மாற்றலானேன். அங்கே கெடுபிடி அதிகம். ஒரு பட்டியில் கோமாரி வந்து பத்து நாள் ஆகியும் எனக்குத் தகவல் இல்லை. தெரிந்து போனபோது கன்றுகள் செத்துக் கிடந்தன. ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். பட்டிக்காரர் நிதானமாகச் சொன்னார்: "சொன்னா பட்டி எங்கிருக்குன்னு தெரிஞ்சிருமே சார்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாடு காட்டில்தான் இருந்தது, போகவில்லை. தடை வந்ததில் நின்றுபோனது அவருடைய பேச்சு. கோமாரி, சுருக்குக் கம்பி, தீ எல்லாம் முன்பு போலவே நடந்துகொண்டிருந்தது, வந்து சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. காட்டில் மாடு வைத்திருப்பவனைத் திருடனாக்கினால் அவன் திருடனைப் போலத்தான் நடந்துகொள்வான், தாழ்வான இடத்தில் மறைவாகப் பட்டி போடுவான், புலி அடித்த மாட்டுக்கு இழப்பீடு கேட்க முடியாது என்று தெரிந்ததும் எவனாவது ஒருத்தன் அந்த உடலில் பூச்சிமருந்தைத் தடவுவான். அதைத் தின்று புலி மட்டும் சாகாது, கழுகு, நரி, கீரி எல்லாம் வரிசையாகச் சாகும்.

1968-இல் முதுமலைப் பக்கம் வெக்கை நோயில் காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மாட்டு நோய் காட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தொழிலில் அதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வோம். மேய்ச்சலைத் தடுக்க வேண்டும் என்பவர்களும் இதைத்தான் சொல்வார்கள், நியாயமான பயம். ஆனால் அதற்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 33-ஏ என்று ஒரு பிரிவு: சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்ய வேண்டியது தலைமை வன உயிரினக் காப்பாளரின் பொறுப்பு, தடுப்பூசி போடாத மாட்டைச் சரணாலயத்தில் மேய்க்கக் கூடாது. இதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். போடாத மாட்டை மேய்க்கக் கூடாது என்று எழுதியவர்கள், சரணாலயத்தில் மாடு மேயும் என்பதைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். அதே சட்டம் தேசியப் பூங்காவில் மேய்ச்சலே கூடாது என்கிறது, சரணாலயத்திலோ காப்பாளர் அதை ஒழுங்குபடுத்தலாம், கட்டுப்படுத்தலாம், தேவைப்பட்டால் தடுக்கலாம் என்று விடுகிறது. அந்த 'ஒழுங்குபடுத்தலாம்' என்ற வார்த்தையில்தான் உங்கள் பட்டி நிற்க வேண்டும். இன்றைக்கு நீதிமன்ற உத்தரவு அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறது என்பது உண்மைதான், அதை மீறுங்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அதைத் தாண்டுவதற்குச் சட்டப்படி ஒரு கதவு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அந்தக் கதவு வன உரிமைச் சட்டம், 2006. நான் வக்கீல் இல்லை, ஓய்வு பெற்ற பிறகு இரண்டு ஊர்க்காரர்களோடு இந்தப் படிவங்களை நிரப்பி, அலைந்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவன். தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடை ஒன்று 2016 வரை இருந்ததால் இந்தச் சட்டம் மற்ற மாநிலங்களைவிட இங்கே தாமதமாகத்தான் நகர்ந்தது, அதனால் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கே புதிதாக இருந்தால் கோபப்படாதீர்கள். இந்தச் சட்டத்தில் வனம் என்றால் சரணாலயமும் சேர்த்துத்தான். 3-ஆம் பிரிவில் சமூக உரிமைகளை வரிசைப்படுத்தும் இடத்தில் மேய்ச்சல் என்று எழுத்திலேயே இருக்கிறது, ஒரே இடத்தில் இருந்து மேய்ப்பதும் சரி, இடம் மாறி மேய்ப்பதும் சரி. உரிமையைச் சரிபார்த்து முடிக்கும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்பது 4-ஆம் பிரிவு.

சிக்கல் எங்கே என்றால், நீங்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. சோளகர் என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டைச் சார்ந்து இருந்ததைக் காட்டினால் போதும். உங்கள் குடும்பம் 'இதர பாரம்பரிய வனவாசிகள்' என்ற வரிசையில் வரும், அதற்கு மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930. பெரும்பாலோர் இந்த எண்ணைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறார்கள். போகாதீர்கள், ஏனென்றால் ஒவ்வொருவர் பெயரிலும் 1930 ரசீது வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. பெரியவர்களின் வாக்குமூலம் சாட்சி. பழைய மேய்ச்சல் நிலம், கோயில், இடுகாடு, இடிந்த கட்டுமானம், எல்லாம் சாட்சி. அரசு ஆவணம், கெஜட்டியர், சர்வே வரைபடம், வன வேலைத்திட்டம், எல்லாம் சாட்சி. ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் இருந்தால் போதும்.

உங்களிடம் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது, நடமாடிக்கொண்டிருக்கிறது. மாடு. 1936-இல் லிட்டில்வுட் என்ற கால்நடை அதிகாரி தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதிய புத்தகத்திலேயே பர்கூர் இனம் உண்டு. ஒரு மலையின் பெயரைத் தாங்கிய மாட்டினம் ஆறு வருஷத்தில் உருவாகிவிடாது என்பதை எந்தக் கமிட்டிக்கும் விளக்கலாம். இன்னொன்று, 1882 மெட்ராஸ் வனச் சட்டம் வந்த காலத்திலிருந்து காட்டில் மேய்க்கக் காசு கட்டிச் சீட்டு வாங்கும் முறை இருந்திருக்கிறது. உங்கள் பரணில், சாமி பெட்டியில், தகர டப்பாவில் பழைய மேய்ச்சல் சீட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். அபராத ரசீது இருந்தால் இன்னும் நல்லது. சிரிக்காதீர்கள், உங்கள் தாத்தா 1950-இல் காட்டில் மாடு விட்டு அபராதம் கட்டினார் என்றால், தாத்தா 1950-இல் காட்டில் மாடு வைத்திருந்தார் என்பதற்கு அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஆவணக்காப்பகத்தில் தேடும்போது ஈரோடு என்று தேடி ஏமாறாதீர்கள், இன்றைய ஈரோடு மாவட்டம் 1979-இல்தான், அதுவும் பெரியார் மாவட்டம் என்ற பெயரில் வந்தது, அதற்கு முன் நீங்கள் கோயமுத்தூர் ஜில்லா, பவானி தாலுகா.

தனித்தனியாக மனுக் கொடுக்காதீர்கள். மேய்ச்சல் சமூக உரிமை, 'பி' படிவம், கிராம சபை வழியாகத்தான். வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். குழு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், சில ஊர்களில் காகிதத்தில் இருக்கும், உறுப்பினர்களுக்கே தெரியாது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், 60 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. செலவுக்குப் பயந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். உயர் நீதிமன்ற உத்தரவும் இந்தச் சட்டமும் எங்கே மோதுகின்றன என்பதைப் பேச வேண்டியது அந்த வக்கீல், நீங்களோ நானோ இல்லை.

அப்புறம், சோளகர் ஊரோடு சேர்ந்து போங்கள். கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலையில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள், உங்களிடமிருந்து தூரமில்லை. 1974-இல் சரணாலயமானதிலிருந்து அங்கிருந்த சோளகர்களுக்கு ஒவ்வொன்றாகத் தடை, வேட்டை போனது, காட்டு விவசாயம் போனது, முற்றாத புல்லைக் கோடை தொடக்கத்திலேயே லேசாகக் கொளுத்தும் பழக்கம் போனது, கடைசியில் தேனும் நெல்லியும் எடுத்து விற்பதும் போனது. தீ வைப்பதை நிறுத்தியதால்தான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது அவர்கள் கட்சி. 2011 தொடக்கத்தில் புலிகள் காப்பகம் வேறு ஆனது. அவர்கள் கிராம சபை வழியாகவே போய், அதே 2011 அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை வாங்கினார்கள், புலிகள் காப்பகத்துக்குள் அப்படி வாங்கியதில் அவர்களே முதல். மனிதர்கள் உள்ளே இருந்தும் அடுத்த சில வருஷங்களில் புலிக் கணக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. மனிதர்களால் ஏறியது என்று நான் சொல்லமாட்டேன், மனிதர்கள் இருந்தால் ஏறாது என்று இனி யாரும் சொல்ல முடியாது, அவ்வளவுதான். உங்கள் பகுதியில் சோளகர் தேனும் கடுக்காயும் கேட்பார்கள், நீங்கள் மேய்ச்சல் கேட்பீர்கள், ஒரே வரைபடத்தில் இரண்டையும் குறித்துக் கொடுங்கள். பட்டிக்காரருக்கும் சோளகருக்கும் பழைய மனத்தாங்கல் ஏதாவது இருந்தால் படிவத்துக்கு முன்னால் அதைப் பேசித் தீருங்கள், இல்லையென்றால் அந்த ஓட்டையில்தான் எல்லாம் ஒழுகும்.

இனி என் தொழில். பட்டிக்காரர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் கால்நடை மருத்துவன் இல்லை.

அப்பாவின் 43 மாடும் அவருடையதுதானே? கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்டாக வேண்டும். கீழ்நாட்டு ஆட்கள் தங்கள் மாட்டை மலைப் பட்டியில் விட்டு, கூலி கொடுத்து மேய்க்கச் சொல்வது உண்டு. காட்டுக்குப் பாரம் கூடுவதும், புது நோய் வருவதும் பெரும்பாலும் அந்த மாட்டால்தான். உரிமை கேட்கும் ஊர் முதலில் அதை நிறுத்த வேண்டும். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, காதில் வில்லை, ஒவ்வொரு மாட்டுக்கும் நோட்டில் ஒரு வரி. கோடையில் காட்டு விலங்கு வந்து குடிக்கும் குட்டையை விட்டுத் தள்ளிப் பட்டி போடுங்கள். எந்தப் பள்ளத்தை எந்த மாதத்தில் மாடு இறங்காமல் விடுவது என்று ஊரே முடிவு செய்து எழுதுங்கள், உங்கள் தாத்தாக்கள் அதை வாயால் செய்துகொண்டிருந்தார்கள், இப்போது காகிதத்தில் வேண்டும். காட்டில் செத்த மாடு காட்டுக்கே போகட்டும் என்பது பழைய வழக்கம், அந்த உடலைத் தேடித்தான் மாயாற்றுப் பக்கத்துப் பாறுக் கழுகுகள் வருகின்றன. ஆனால் வலிமருந்து போட்ட மாடு என்றால் ஆபத்து. டைக்ளோபினாக் கால்நடைக்கு 2006-இலேயே தடை, மனிதருக்கான மருந்தை வாங்கி மாட்டுக்கு ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெலாக்சிகாம் கேட்டு வாங்குங்கள், கழுகுக்குக் கெடுதல் இல்லை. என்ன ஊசி போட்டார்கள் என்றே தெரியாத மாடு செத்தால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

அப்பாவைப் பெருந்துறைக்கு அழைத்துவருவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் உடம்பு முடியாமல் இருந்தால் அழைத்து வாருங்கள், அதற்கும் சரணாலயத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறார் என்றால், சிப்காட் பக்கத்து ஒற்றை அறையில் அவர் பகல் முழுக்க எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். உங்களையும் ஊருக்குத் திரும்பி மாடு மேய்க்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, சம்பளத்தை விடாதீர்கள். படித்த பிள்ளை என்பதால் உங்களிடம் இருக்கும் வேலை எழுத்து வேலை. மாதம் இரண்டு ஞாயிறு போதும்.

முதல் ஞாயிறு ஒரு நோட்டும் போனும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு பட்டிக்குப் போங்கள். மேய்ச்சல் பாதை முழுவதும் அவர் பின்னாலேயே நடங்கள், போனில் இடத்தைக் குறித்துக்கொண்டே போங்கள், ஒவ்வொரு பள்ளத்துக்கும் பாறைக்கும் மேட்டுக்கும் அவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதைக் கன்னடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மழை பொய்த்த வருஷத்தில் பட்டியை எங்கே மாற்றினார்கள் என்று கேளுங்கள். அவர் அப்பா எங்கே போட்டார் என்று கேளுங்கள். ஊரில் எண்பது வயதுக்கு மேல் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து, அவர்களை முதலில் பாருங்கள், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். திரும்பி வருகிற வழியில் மருந்தகத்தில் அடுத்த கோமாரி முகாம் எந்தத் தேதி என்று விசாரித்துவிட்டு வாருங்கள். குழு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், படிவத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.